"அந்தக் கூடையைப் பற்றி எழுதியது நான்தான்"

கேள்வி:

எனக்கு வயது 23. சொந்த ஊர் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நாலு வருஷமாகப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். ஒரு நடிகரின் ரசிகர் குரூப்பில் அட்மினாக இருக்கிறேன். போன மாதம் அவருடைய படம் வந்தபோது மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, "இரண்டாம் பாதியில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது" என்று டிக்டொக்கில் சொன்னாள். அவளைச் சும்மா விடக்கூடாது என்று குரூப்பில் முடிவானது. அவள் பேஸ்புக்கில் தன் அம்மாவோடு தேயிலை மலையில் எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. அம்மாவுக்கு இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கொழுந்துக் கூடை. அந்தப் போட்டோவை எடுத்து மீம் போட்டார்கள். அந்தக் கூடையைப் பற்றி எழுதியது நான்தான். அதன் பிறகு மற்றவர்கள் அவள் முகத்தை வேறு அசிங்கமான படங்களோடு ஒட்டிப் போட்டார்கள்.

அவள் என் சித்தப்பா மகளோடு ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறவள் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது வகுப்புக்கு வருவதில்லையாம். குரூப்பில் "போதும், நிறுத்துங்க" என்று போட்டேன். உடனே என் மேல் பாய்ந்தார்கள். யாரோ என் ஊரைக் கண்டுபிடித்து என்னைத் "தோட்டக்காட்டான்" என்றான். நானும் என் அம்மாவும் நிற்கிற போட்டோவைப் போடுவோம் என்று மிரட்டுகிறார்கள். தூக்கம் இல்லை. அவளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? குரூப்பை விட்டு வெளியேறுவதா? கொழும்பில் எனக்கு வேறு ஆட்களே இல்லை.

- பெயர் வேண்டாம், கொழும்பு

பதில்:

தம்பி, உங்கள் கடிதம் கையெழுத்தில் நாலு பக்கம். சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். நடிகரின் பெயரை எடுத்துவிட்டேன். போட்டால் பாதி வாசகர்கள் அதை மட்டும் பார்த்துவிட்டு நான் எந்தப் பக்கம் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். (எனக்கும் ஒரு பக்கம் உண்டு. சொல்லமாட்டேன்.)

நாலு பக்கத்தில் உங்களுக்கு நடந்தது மூன்றேகால் பக்கம். அந்தப் பிள்ளைக்கு நீங்கள் செய்தது மூன்றாம் பக்கத்தின் அடியில் சில வரிகள். குறை சொல்ல இதை எண்ணவில்லை. பயத்தில் இருக்கிற மனுசன் தனக்கு வலிக்கிற இடத்தைத்தான் முதலில் காட்டுவான். ஆனால் "அந்தக் கூடையைப் பற்றி எழுதியது நான்தான்" என்ற வரியை யாரும் கேட்காமல் நீங்களாகவே எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குவோம்.

ஏன் கூடை? படத்தைக் குறை சொன்னவளைத் திருப்பிக் குத்த உங்களுக்கு எவ்வளவோ இருந்தது. அவளுக்குப் பிடித்த நடிகரின் ஓடாத படங்களைச் சொல்லிக் கலாய்த்திருக்கலாம். ரசிகர்கள் வழக்கமாக அதைத்தான் செய்வார்கள். நீங்கள் நேராக அவள் அம்மாவின் முதுகுக்குப் போனீர்கள். கடிதத்தின் இன்னொரு இடத்தில், குரூப்பில் யாருக்கும் உங்கள் ஊர் தெரியாது, கேட்டால் "கண்டிப் பக்கம்" என்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் கோல் வந்தால் ரூமுக்கு வெளியே போய்த்தான் பேசுவீர்களாம். ஹட்டனில் 16 வருஷமாக உளவளத்துணையாளராக இருக்கிறேன். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன நம் பையன்களில் "கண்டிப் பக்கம்" என்று சொல்லாதவர்களை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். எல்லோரையும் கூட்டிப் பார்த்தால் கண்டி மாவட்டத்தில் நிற்க இடம் இருக்காது.

குரூப்பில் மற்றவர்களுக்கு அது வெறும் தேயிலைத் தோட்டத்துப் போட்டோ. அதில் எந்த இடத்தைத் தொட்டால் வலிக்கும் என்று தெரிந்தவர் அங்கே நீங்கள் ஒருவர்தான். யாராவது தன்னைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று நாலு வருஷமாகப் பயந்திருந்தீர்கள். அந்த வரியை எழுதிய அன்றைக்கு உங்களை யாரும் சந்தேகப்பட்டிருக்க முடியாது, இல்லையா?

சரி, அந்த குரூப் உங்களுக்கு என்ன கொடுத்தது என்று பார்ப்போம். தோட்டத்தில் "பேர்" என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போய், மலைக்கு ஏறி, சொன்ன கிலோ கொழுந்தை எடுத்தால் முழுப்பேர். எடை குறைந்தால் அரைப்பேர். மழையில் நனைந்துகொண்டு ஒரு நாள் முழுக்க நின்றிருந்தாலும் அரைப்பேர்தான். உங்கள் குரூப்பிலும் பேர் பதிகிற அதே செக்ரோல்தான் நடக்கிறது. படம் வருவதற்கு முன்னால் டேக் வரும், எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்று வரும், போட்டதற்கு ஸ்கிரீன்ஷொட் காட்ட வேண்டும். நடிகரின் பிறந்தநாளுக்குப் பொது டி.பி. மாற்றாதவனைக் கேள்வி கேட்பார்கள். ஆனால் பாராட்டிப் போடுகிறவனுக்கு அரைப்பேர்தான் விழும். எதிராளியை நாறடிக்கிறவனுக்குத்தான் முழுப்பேர். கூடை வரிக்கு எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று எண்ணிக்கையோடு எழுதியிருக்கிறீர்கள். கடையில் காலை எட்டரை முதல் இரவு வரை "தம்பி, அந்தப் பொதியை இறக்கு" என்பதைத் தவிர உங்களை யாரும் எதற்கும் கூப்பிடாத ஊரில், அந்தக் கைதட்டல் எவ்வளவு இனித்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

இப்படிப் பிரிந்து நிற்பதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஹென்றி தஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 14, 15 வயதுப் பள்ளிக்கூடப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்தார். இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, யாருடைய படம் பிடிக்கிறது என்பதை வைத்துப் பிரிப்பதாகச் சொல்லி இரண்டு கூட்டமாக்கினார். உண்மையில் சும்மா கண்டபடி பிரித்ததுதான். கூட்டத்தில் தன்னோடு யார் இருக்கிறார் என்றுகூடப் பையன்களுக்குத் தெரியாது. பிறகு மற்றவர்களுக்குக் கொஞ்சக் காசைப் பங்கிடச் சொன்னார். தன் கூட்டத்துக்கு அதிகம் கொடுத்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். எதிர்க்கூட்டத்தை விட மேலே நிற்பதற்காகத் தன் கூட்டத்துக்கு வரவேண்டியது குறைந்தாலும் பரவாயில்லை என்ற முடிவையும் எடுத்தார்கள். முகம் தெரியாத ஆட்களுக்காக, முன்பின் கேள்விப்படாத ஓவியர் பேரால். உங்களுக்கோ ஒரு நடிகர், பத்து வருஷக் கட்டவுட், பாட்டு, சட்டை எல்லாம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் இப்படி இல்லை என்று சொல்லப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். என் அப்பா எம்.ஜி.ஆர். பைத்தியம். 1917 இல் அவர் பிறந்த நாவலப்பிட்டிக்கு எங்கள் தோட்டத்திலிருந்து ஒரே பஸ் என்பதைச் சொந்தக்காரன் மாதிரிச் சொல்லித் திரிவார். பக்கத்து வீட்டுக் காம்பிராக்காரர் சிவாஜி ஆள். எங்கள் வாசல் இஸ்தோப்பிலும் அவர்கள் இஸ்தோப்பிலும் ஆளுக்கொரு படம், மாலையோடு. பீலியில் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில்தான் சண்டை தொடங்கும். ஒருமுறை தீபாவளிக்கு மண்டை உடைந்து தோட்ட ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள். ஆகவே பொற்காலம் ஒன்றும் கிடையாது. ஆனால் எவ்வளவு ஏசினாலும் ஒருவன் அம்மாவை இன்னொருவன் இழுத்ததில்லை. பெரிய பண்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அம்மா வாளியோடு அதே வரிசையில் நின்றுகொண்டிருப்பார், அவ்வளவுதான். உங்கள் போனில் அந்தப் பிள்ளையின் அம்மா ஒரு படம். பீலிக்கரையில் அவர் உங்களுக்கு முன்னால் நின்றிருந்தால் அந்த வரி உங்கள் வாயில் வந்திருக்காது.

நடிகருக்காகத்தான் செய்தோம் என்ற பேச்சையும் பார்த்துவிடலாம். இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அஜித் 2011 இலேயே தன் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். 2021 இல் "தல" என்று கூப்பிட வேண்டாம் என்றார். 2024 டிசம்பரில் தன்னைக் கடவுளோடு சேர்த்துக் கோஷம் போடுவதை நிறுத்தச் சொன்னார். 2017 இல் தன்யா ராஜேந்திரன் என்ற ஊடகவியலாளர் விஜய்யின் பழைய படமொன்றைப் பற்றி ஒரு வரி எழுதப்போய், ஆயிரக்கணக்கில் ஆபாச ஏச்சு வந்து விழுந்தபோது, யாருடைய படத்தையும் யாரும் விமர்சிக்கலாம், பெண்களை இழிவுபடுத்தக்கூடாது என்று விஜய் அறிக்கை விட்டார். இத்தனைக்குப் பிறகும், 2019 ஜூலையில், உயிரோடு இருக்கிற அதே விஜய்க்கு எதிர்த்தரப்பு ரசிகர்கள் இரங்கல் டேக் போட்டு இந்திய அளவில் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். நடிகர் கேட்டுக்கொண்டாலும் நிற்பதில்லை. ஏனென்றால் அந்த ஏச்சு நடிகர் காதில் விழுவதற்காகப் போட்டதில்லை. பக்கத்தில் இருக்கிற அட்மின் பார்ப்பதற்காகப் போட்டது. இன்னொன்று, டிக்டொக், பேஸ்புக் கம்பெனிக்காரனின் கணக்கில் ஏசுகிறவனும் ஒன்று, மறுத்துப் பேசுகிறவனும் ஒன்று. இரண்டும் ஒரே எண்ணில்தான் கூடும். அந்தப் பிள்ளையின் வீடியோவைச் சும்மா விட்டிருந்தால் அவள் வகுப்புத் தோழிகள் நாற்பது பேர் பார்த்திருப்பார்கள்.

இனி உங்கள் தலைக்குள் ஓடுகிற அந்த வார்த்தை, "தோட்டக்காட்டான்". எனக்கும் அது விழுந்திருக்கிறது. பல்கலைக்கழக விடுதியில், குளிக்கிற வாளி விஷயமாக வந்த சண்டையில், என்னைப் போலவே தமிழ் பேசுகிற ஒருத்தி சொன்னாள். இன்றைக்கும் நீல வாளியைப் பார்த்தால் ஞாபகம் வருகிறது. 1948 இல் மலையகத் தமிழரான நம் ஆட்களின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எழுதியவர்கள் இந்த வார்த்தையை அதில் போடவில்லை, ஆனால் நினைத்துக்கொண்டுதான் எழுதியிருப்பார்கள் என்று என் அப்பா சொல்வார். 2023 இல், நம் ஆட்கள் இந்த மண்ணுக்கு வந்து 200 வருஷமானதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்தச் செய்திகளுக்குக் கீழேயும் இந்த வார்த்தையைக் கொண்டுவந்து போட்டவர்கள் உண்டு. இது உங்களால் வந்த வார்த்தை இல்லை, உங்களோடு போகிற வார்த்தையும் இல்லை. ஆனால் உங்கள் மேல் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன்னால், இதே வார்த்தையைக் கூடை என்ற பேரில் இன்னொரு பிள்ளை மேல் நீங்கள்தான் போட்டீர்கள். இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. தனியாக யோசித்தால் இராத்திரி முழுக்க "எனக்கு ஏன் இப்படிச் செய்தார்கள்" என்பதிலேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

மன்னிப்புக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பாமல் வைத்திருக்கிற மெசேஜைக் கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள்: "உங்க மனசு புண்பட்டிருந்தா சொறி. குரூப்ல எல்லாரும் போட்டதால நானும் போட்டேன். நானும் தோட்டம்தான், எங்க அம்மாவும் கொழுந்து எடுக்கிறவங்கதான். இப்ப என்னையும் கேவலமா பேசுறாங்க, தூக்கமே இல்ல. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ப்ளீஸ்."

அனுப்பாதது நல்லதாய்ப் போயிற்று. "புண்பட்டிருந்தா" என்பதில் அந்த "இருந்தா" எதற்கு? வகுப்பை விட்டு நின்றுவிட்டாள் என்று உங்களுக்கே தெரியும். "எல்லாரும் போட்டதால" என்பது பொய், கூடை வரியை முதலில் போட்டது நீங்கள். "நானும் தோட்டம்தான்" என்பதை அவள் படித்தால் இன்னும் எரியும்; தெரியாதவன் செய்தால் ஒரு விதம், தெரிந்தவன் செய்தால் வேறு விதம். தூக்கம் இல்லாததை அவளிடம் சொல்லாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள். கடைசி வரிதான் மோசம். அடி வாங்கியவளிடமே போய், எனக்கு மருந்து போட்டுவிடு என்று கையை நீட்டுவது அது.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: "உங்கள் அம்மாவின் படத்தில் கூடையைப் பற்றி அந்த வரியை எழுதி முதலில் போட்டது நான். அது தப்பு. என்னிடமிருந்த பதிவை நீக்கிவிட்டேன். யார் யார் என்ன போட்டார்கள் என்ற ஸ்கிரீன்ஷொட் என்னிடம் இருக்கிறது, என் பெயரும் அதில் இருக்கிறது. நீங்கள் முறைப்பாடு செய்வதாக இருந்தால் அதைத் தருகிறேன். நீங்கள் எனக்குப் பதில் போடத் தேவையில்லை." இவ்வளவு போதும். அடியில் உங்கள் உண்மையான பெயரும் ஊரும். "கண்டிப் பக்கம்" வேண்டாம்.

இதை நேராக அவள் போனுக்கு அனுப்பாதீர்கள். முன்பின் தெரியாத நம்பரிலிருந்து மெசேஜ் வந்தாலே அந்தப் பிள்ளைக்கு இப்போது வயிற்றைக் கலக்கும். சித்தப்பா மகளிடம் முதலில் உண்மையைச் சொல்லுங்கள். "இப்படி ஒரு கடிதம் இருக்கிறது, வாங்கிக்கொள்வாயா" என்று அவள் கேட்கட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், திரும்பக் கேட்கக்கூடாது. பேஸ்புக்கில் பகிரங்க மன்னிப்புப் போடுகிற யோசனை இருந்தால் அதையும் விடுங்கள். மறந்துகொண்டிருக்கிற ஆட்களுக்குப் படத்தைத் தேடி எடுக்க வழிகாட்டியது போலாகும்.

பதிவை நீக்குவதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொள்ளுங்கள், திகதியும் நம்பரும் தெரிகிற மாதிரி. குரூப்பின் சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்துவையுங்கள். அந்த அசிங்கமான படங்களை வேறு யாருக்கும், "பார் என்ன செய்திருக்கிறார்கள்" என்று காட்டுவதற்காகக்கூட, அனுப்ப வேண்டாம். சட்டத்தைப் பற்றி நான் நீட்டப்போவதில்லை, என் தொழில் அது இல்லை. 2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் ஒருவரைத் தொல்லைப்படுத்துவதைக் குற்றம் என்கிறது. கருத்துச் சுதந்திரத்துக்கு ஆபத்து என்று அந்தச் சட்டத்தைக் கடுமையாக எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். எப்படியிருந்தாலும் முறைப்பாடு வந்தால் உங்களையும் கூப்பிடக்கூடும். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆலோசனை சொல்கிறது, போய் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். படங்களை எடுப்பிப்பது பற்றி இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற இலங்கை சேர்ட் அமைப்பின் 101 இல் கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இந்த இரண்டு இலக்கத்தையும் சித்தப்பா மகள் மூலம் அந்தப் பிள்ளைக்குச் சேர்த்துவிடுங்கள், கடிதத்தை அவள் வாங்காவிட்டாலும்.

குரூப்பை விட்டு வெளியே வாருங்கள். விளக்கம் எழுதிவிட்டு வெளியேறாதீர்கள், அதற்கு இருநூறு கொமெண்ட் வரும், நீங்களும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பீர்கள். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை இரவு சத்தமில்லாமல் இறங்கிவிடுங்கள். ஆனால் போன வருஷம் டெங்கு வந்து கிடந்தபோது இளநீரும் சோற்றுப் பார்சலும் கொண்டுவந்த பையனும் அந்த குரூப்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனை விட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலிமுகத்திடலுக்குக் கூப்பிட்டு, நீங்கள் எந்த ஊர் என்று சொல்லுங்கள். அவன் முகம் போகிற போக்கில் உங்களுக்கு விளங்கிவிடும். (அவனும் "கண்டிப் பக்கம்" ஆளாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.) படம் பார்ப்பதை நிறுத்தச் சொல்லமாட்டேன். முதல் நாள் முதல் காட்சிக்குப் போங்கள், விசில் அடியுங்கள், பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

தூக்கத்துக்கு: போனை இரவில் ரூமின் அடுத்த மூலையில், சார்ஜில் போட்டுவிட்டுப் படுங்கள். விடிய மூன்று மணிக்கு அதை எடுத்துப் பார்ப்பதால் நல்ல செய்தி எதுவும் வரப்போவதில்லை. இருந்து என்ன பயன் என்ற மாதிரி நினைப்பு ஒரு தடவை வந்தாலும் 1926 க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்த நேரத்திலும் எடுக்கலாம்.

கடைசியாக, அம்மாவின் போட்டோ. அதைப் போட்டுவிடுவோம் என்ற மிரட்டல், அம்மாவுக்கு விஷயம் தெரியாத வரைக்கும்தான் வேலை செய்யும். அவர்கள் போடுவதற்கு முன்னால் நீங்கள் போய்ச் சொல்லிவிடுங்கள். போனில் வேண்டாம். அடுத்த லீவுக்குப் பஸ் ஏறுங்கள். சாப்பிட்டு முடித்து, அம்மா அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றுகிற நேரம் பார்த்து, முதலில் நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள். உங்களுக்கு அவர்கள் செய்தது இரண்டாவது. ஏசுவார், அழவும் செய்வார். எனக்குத் தெரிந்த தோட்டத்து அம்மாமார் யாராக இருந்தாலும் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அந்தப் புள்ளையோட அம்மா எந்தத் தோட்டம், எந்த டிவிசன்?" அதற்குப் பதில் உங்களுக்குத் தெரியும், மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைச் சொல்லிவிட்டு, அம்மா பேசி முடிக்கும் வரை குறுக்கே எதுவும் பேசாமல் உட்கார்ந்திருங்கள்.